மதிலில் நடக்கும் மந்தி

கட்டைபறிச்சானில் வயல் வரம்பால் போகும் மாட்டையும் வளவு மதிலில் போகும் மந்தியையும் பார்க்காதவர் இருக்க முடியாது. இரண்டுக்கும் நடை வேறு. மாடு வலது பின்காலை ஊன்றினால் அடுத்து வருவது அதே வலப்பக்க முன்கால். மந்தியோ வலது பின்காலை ஊன்றியதும் இடது கையை நீட்டும். நாய், பூனை, குதிரை எல்லாம் மாட்டின் கட்சி. குரங்கினத்தில் பெரும்பாலானவை மந்தியின் கட்சி. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887இல் வெளியிட்ட தொடர் புகைப்படங்களிலேயே ஒரு பபூன் குரங்கின் இந்த நடை பதிவாகியிருக்கிறது.

பாரம் சுமப்பதிலும் வேறுபாடு உண்டு. நிற்கும் குதிரையின் உடற்பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்களில் விழும். குரங்குகளில் பெரும்பங்கு பின்கால்களுக்கே.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம் மெல்லிய கிளைகளோடு தொடர்புடையது. கை நீள்வது தாங்குமா தாங்காதா என்று தெரியாத கொப்புக்கு. அது முறிந்தாலும் பாரம் எதிர்ப்பக்கப் பின்காலின் உறுதியான பிடியில் இருக்கிறது. கையை இழுத்துக்கொண்டால் போதும். முழங்கையையும் முழங்காலையும் நன்றாக மடித்து நடப்பதால் கிளையும் அதிகம் ஆடாது. இந்த விளக்கத்தில் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் நாவல் மரத்தில் மந்தி நுனிக்கொப்புக்குப் போவதைக் கவனித்தவருக்கு இது நம்பும்படியாகவே இருக்கும்.

தகரக் கூரையில் மந்தி தடாலென்று விழும் சத்தத்துக்குக் காரணமும் பின்கால்கள்தான். கைகளைவிட நீளமான அவற்றை மடக்கி, ஒரே வீச்சில் நிமிர்த்தித்தான் அது பாய்கிறது. உடலைவிட நீண்ட வால் சமநிலைக்கு உதவும். சிறுவர் படங்களில் வருவதுபோல் அந்த வாலில் தொங்க முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகள் சிலவற்றின் வித்தை.

இலங்கையின் உலர்வலயக் காடுகளில் வாழும் தேவாங்கு மந்திக்கு நேர்மாறு. வாலும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. சுட்டுவிரல் குறுகிப் போனதால் பெருவிரலும் மற்ற விரல்களும் அகல விரிந்து, குறடுபோலக் கிளையைக் கவ்வும். கைகால்களுக்குப் போகும் நாடிகள் மெல்லிய குழாய்க் கற்றைகளாகப் பிரிந்திருப்பதும், தசை களைக்காமல் நெடுநேரம் பிடித்திருக்க உதவுவதாகக் கருதப்படுகிறது. பூச்சி எட்டும் தூரத்துக்கு வந்தால் பின்கால்களின் பிடியை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சட்டென்று பிடித்து வாயில் போட்டுக்கொள்ளும்.