அலமாரி உச்சியிலிருந்து பூனை ஏன் இறங்கியது?

வளர்ந்த பூனை நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடப் பழகிய உடம்பு அது. எனவே தூக்கத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். வழக்கம் மாறுகிறதா என்று பாருங்கள்.

பூனை தூங்கும் இடத்தை மாற்றினால், பெரும்பாலும் காரணம் வெப்பம். உடல்சூட்டைக் காக்கக் கூடுதல் சக்தி செலவாகாமல் பூனை இருக்கக்கூடிய வெப்பநிலை ஏறத்தாழ 30 முதல் 38 டிகிரி செல்சியஸ். நமக்கு வியர்க்கும் சூடு அதற்கு இதம். குளிர்நாளில் அது செட்-டாப் பாக்ஸ் மேல் சுருண்டுகொள்வது இதனால்தான்.

பத்து வயது தாண்டிய பூனை அலமாரி உச்சியை விட்டுவிட்டுத் தரையில் படுத்தால் கதை வேறு. மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். பூனை அவ்வளவாக நொண்டாது. தாவுமுன் தயங்கும், ஒரே எம்பில் ஏறிய இடத்துக்கு நாற்காலியில் கால் வைத்து ஏறும். 'வயசாயிடுச்சு' என்று நாம் விட்டுவிடுவது பல சமயம் வலிதான். அதற்காக பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தைப் பக்குவமாகச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடலாம்.

வயதான பூனை ராத்திரியெல்லாம் தூங்காமல் கத்துகிறது, நன்றாகத் தின்றும் இளைக்கிறது என்றால், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும், மருந்தும் உண்டு.