பெயரைக் கடைசியில் பாருங்கள்

ஜப்பானில் வாள் வைத்திருக்கும் ஆளுக்கு உரிமம் கிடையாது. வாளுக்குத்தான் பதிவுச் சீட்டு. அதைக் கொடுப்பதும் காவல்துறை அல்ல, அந்தந்த மாகாணத்தின் கல்வி வாரியம். பழைய முறைப்படி கையால் அடித்த வாள் கலைப்பொருள் கணக்கில் வருவதால் இந்த ஏற்பாடு. தாத்தா காலமாகி வீட்டை ஒழிக்கும்போது சீட்டில்லாத வாள் அகப்பட்டால் முதலில் காவல் நிலையத்தில் சொல்லவேண்டும். பிறகு 6,300 யென் கட்டி வாரியத்தின் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். சீட்டோடு அகப்பட்டால் வேலை சுலபம். உடைமை மாறியதை 20 நாளுக்குள் தெரிவித்தால் போதும்.

ஒகாயாமாவில் என் மாமனார் விட்டுப்போன வாள் சீட்டோடுதான் இருந்தது. சீட்டின் தேதி 1951. பதிவு தொடங்கிய வருஷம் அது. பெரிய பிரபுக்களின் வாள்கள்தான் முதலில் பதிவாயின என்று வாள் பிரியர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதனால் 1951 என்று கண்டாலே அவர்களுக்குக் கண் விரியும். என் மனைவியின் தம்பிக்கும் விரிந்தது. மாமனாரின் முன்னோர் அரிசி வியாபாரிகள் என்பதை அவன் அப்போதைக்கு மறந்துவிட்டான்.

அவன் குதித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பின் அடிப்பகுதியை ‘நகாகோ’ என்பார்கள். கைப்பிடியைக் குறுக்கே பிடித்திருக்கும் சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் நகாகோ வெளியே வரும். கொல்லர் தன் பெயரை வெட்டுவது அங்கேதான். எங்கள் வாளில் ஒரு பக்கம் ‘பிஷூ ஒசாஃபுனே சுகெசாதா’ என்றும், மறுபக்கம் எய்ஷோ 8-ஆம் ஆண்டு 8-ஆம் மாதம் என்றும் இருந்தது. அதாவது 1511. ஒசாஃபுனே அதே ஒகாயாமாவில் உள்ள ஊர். நூற்றாண்டுக் கணக்கில் ஜப்பானுக்கே வாள் அடித்துத் தந்த ஊர். சுகெசாதா அங்கே பல தலைமுறைக்கு, பல பட்டறைகளுக்குப் பொதுவான பெயர்.

நகரத்தில் வாள் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். வாயைத் திறக்குமுன் அவர் நகாகோவைத் துணியால் சுற்றிக் கட்டினார். “பெயரைக் கடைசியில் பார்ப்போம்” என்றார். வாள் அன்பர்கள் கூடி நடத்தும் ‘கான்தேய்’ போட்டியிலும் இதுதான் முறையாம். அடியை மூடிவைத்து, அலகை மட்டும் பார்த்து, அடித்தது யார் என்று சீட்டில் எழுதித் தரவேண்டும். கோவை ஃபவுண்டரியில் தொழில் பழகியவன் நான். இரும்பைக் கண்ணால் படிக்கும் இந்த ஒழுங்கு எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

முதலில் வடிவம். கை நீட்டிய தூரத்தில் நிமிர்த்திப் பிடித்து மொத்த உருவத்தையும் பார்க்கவேண்டும். குதிரை மேலிருந்து போரிட்ட கமாகுரா காலத்து வாள் நீளமாக, கைப்பிடி அருகே ஆழமாக வளைந்திருக்கும். 1500-களின் தொடக்கத்தில் தரையில் நின்று ஒரு கையால் வீசும் வாள் பெருகியது. அது இரண்டு ஷாக்கு, அதாவது 60 சென்டிமீட்டரை ஒட்டிய நீளம். வளைவு நுனிப்பக்கம் தள்ளியிருக்கும், நகாகோவும் குட்டை. எங்கள் வாளோ 70 சென்டிமீட்டர். வளைவு பேருக்குத்தான். அடியில் அகலம், நுனிக்குப் போகப்போகச் சட்டென்று ஒடுங்கல். நகாகோ இரு கைக்குத் தாராளம். “கன்புன்” என்றார் முதியவர். 1661 முதல் 1673 வரையிலான காலம் அது. போர் ஓய்ந்த நாட்டின் வாள்.

அடுத்து இரும்பு. விளக்கை நோக்கி அலகைச் சாய்த்துப் பிடித்தால் கூர்ப்பக்கம் வெண்மையாக ஓடும் கோட்டை ‘ஹாமோன்’ என்பார்கள். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் போடுகிற மாதிரிதான். ஆனால் இங்கே அலகு முழுக்கக் களிமண் பூசி, வெட்டும் ஓரத்தில் மட்டும் மெலிதாக விட்டு, காய்ச்சி நீரில் தோய்க்கிறார்கள். மெலிந்த இடம் சீக்கிரம் குளிர்ந்து கடினமாகிறது, முதுகு இளகியே நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் அந்தக் கோடு. அதன் அலையும் நெளிவும் பட்டறைக்குப் பட்டறை மாறும். எங்கள் வாளில் கோடு அடியில் கொஞ்ச தூரம் நேராக ஓடிவிட்டுப் பிறகு அலையத் தொடங்கியது. 1600-க்குப் பிந்திய ஒசாகாக் கொல்லர்களிடம் அடிக்கடி காணும் பழக்கம் இது. பழைய ஒசாஃபுனேக்காரரிடம் எதிர்பார்க்கக் கூடியது அல்ல.

கடைசியில் துணியை அவிழ்த்தார். 500 வருஷத் துரு என்றால் கறுத்து, ஆழ்ந்து, இரும்போடு ஒன்றியிருக்கவேண்டும். இது அவ்வளவு முற்றவில்லை. உளி வெட்டின் பள்ளத்துக்குள் இருந்த துரு சுற்றியிருந்த துருவோடு சேரவும் இல்லை. வாள் ஒருவர் அடித்தது, பெயர் பிறகு வேறொருவர் வெட்டியது. இதற்கு ‘கிமேய்’ என்று பெயர். ஜப்பானிய வாள்களில் இது சர்வ சாதாரணம். பதிவுச் சீட்டோ வெட்டியிருப்பதை அப்படியே எழுதிக்கொள்ளுமே தவிர, அது உண்மையா என்று சொல்லாது. அதைச் சொல்வது 1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் தரும் சான்றிதழ். அதில் நான்கு படிகள். பொய்ப் பெயருள்ள வாளுக்கு முதல் படிகூடக் கிடையாது.

மைத்துனன் முகம் தொங்கிப்போயிற்று. பெயரே இல்லாவிட்டால் பரவாயில்லையா என்று கேட்டான். பரவாயில்லைதான். நீள வாள்களைப் பிற்காலத்தில் அடியிலிருந்து வெட்டிக் குறைத்தபோது ஏராளமான பெயர்கள் போய்விட்டன. ‘சான்சோமோ’ என்ற தேசியப் பொக்கிஷ வாளில் பெயரே கிடையாது. ஒசாஃபுனே அடங்கிய செத்தோஉச்சி நகராட்சி 2020-இல் அதை 50 கோடி யென் கொடுத்து வாங்கியது. எனவே பொய்ப் பெயரை அரத்தால் அழித்துவிட்டுச் சான்றிதழுக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. முதியவரே அதைச் சொன்னார். சான்றிதழ் வந்தால் விலை நிச்சயம் ஏறும்.

மாமியார் ஒரே வார்த்தையில் வேண்டாமென்றுவிட்டார். 1945-இல் அமெரிக்கப் படை வாள்களையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னபோது, இந்த வாளைக் கூரைக்குள் ஒளித்துக் காப்பாற்றியவர் அவருடைய மாமனார். அந்த அச்சம் வீண் அல்ல. முன்பு ஜப்பானை ஆண்ட தொக்குகாவா குடும்பம் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்த ஹோன்ஜோ மசாமுனே, தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டிருந்த வாள், இன்றுவரை அகப்படவில்லை. பொய்யானாலும் அந்தப் பெயரும் இப்போது வாளின் வரலாறு என்பதுதான் என் கட்சியும். விற்பதாக இருந்தால் மைத்துனன் கட்சியிலும் நியாயம் உண்டு.

ஜப்பானிய வாள்கள் நம் பக்கமும் இருக்கின்றன. 1945-இல் பர்மாவிலும் மலாயாவிலும் ஜப்பானிய அதிகாரிகள் சரணடைந்தபோது இந்தியப் படையினர் கைக்கும் வாள்கள் வந்தன. அவற்றில் பல போர்க்காலத் தொழிற்சாலைச் சரக்கு. அலகிலேயே வரிசை எண்ணும், உலோக வார்ப்பில் செய்த கைப்பிடியும் இருந்தால் அது படையின் கீழ்நிலை அதிகாரிகளுக்கு இயந்திரத்தில் செய்து கொடுத்தது. நகாகோவில் சின்ன முத்திரை குத்தியிருந்தால் பெரும்பாலும் போர்க்கால வாள். ஆனால் சில அதிகாரிகள் குடும்பத்துப் பழைய அலகையே படைக் கைப்பிடியில் பொருத்திக்கொண்டு வந்தார்கள். உள்ளே பார்க்காமல் தெரியாது.

அப்படியொன்று உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் அலகை விரலால் தொடாதீர்கள். உப்புத்தாள், புளி, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். மூங்கில் ஆணி இருந்தால் மெதுவாகத் தட்டி எடுத்து, நகாகோவின் இரு பக்கத்தையும் வெளிச்சத்தில் படமெடுத்து விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அங்கிருக்கும் துருவை மட்டும் தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள்; வாளின் வயதுக்கு அதுதான் சாட்சி.