சட்டை கசங்கினால் சந்தேகமா?

கடைக்குள் நுழையும்போது பையை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். வெளியே வரும்போது பில்லைக் காட்டச் சொல்கிறார்கள். பில்லைப் பார்த்து முடித்த பிறகும், மேலும் கீழும் ஒருமுறை ஆளைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

வணிகனுக்குத் தன் சரக்கைக் காத்துக்கொள்ள உரிமை இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. கடன் வாங்கிக் கடை வைத்தவன், ஒரு நாள் விற்பனையில் கிடைக்கும் இலாபத்தை ஒரே ஒரு களவில் இழந்துவிடுகிறான். கள்ளனுக்காக வாதாட நாம் பேனா பிடிக்கவில்லை. நாம் கேட்பது வேறு. சோதனை பைக்கா, ஆளுக்கா? பைக்கு என்றால் எல்லாப் பைக்கும் இருக்கட்டும். ஆளுக்கு என்றால், எந்த ஆளுக்கு?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டை முகூர்த்த மாதங்களில் பார்த்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சென்னையிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறார்கள். "வாங்க, வாங்க" என்று வரவேற்பு. உட்காரப் பாய், குடிக்கக் காப்பி. காரில் வந்த அம்மையாரின் தோளிலும் ஒரு பை தொங்குகிறது; ஐந்தாறு சேலைகளை அலுங்காமல் விழுங்கக்கூடிய பை! அதை யாரும் கேட்பதில்லை. பிள்ளையார்பாளையத்து நெசவாளி, மகள் கல்யாணத்துக்குச் சேலை பார்க்க மஞ்சள் பையும் கசங்கிய சட்டையுமாக அதே படியில் ஏறினால், "பையை இங்கே வை" என்று குரல் எழுவதுண்டு. அந்தக் கடையில் அடுக்கியிருக்கும் சேலைகளில் ஒன்று அவன் தறியில் இறங்கியதாகவே இருக்கலாம். கோர்வை போட்டு, ஜரிகை கோத்து, கண் எரிய நெய்தவன் அவன். ஆனால் கடை வாசலில் அவனைத் தெரிந்தவர் இல்லை. தெரிவதெல்லாம் சட்டைதான்.

நெசவாளிக்கு இந்தச் சந்தேகம் புதிதல்ல. பாவும் ஊடையும் ஜரிகையும் அவனுக்கு எடை பார்த்துத்தான் கொடுக்கப்படுகின்றன. நெய்த சேலையும் எடை பார்த்துத்தான் வாங்கப்படுகிறது. எடை குறைந்தால் முதலில் எழும் கேள்வி, "எங்கே போச்சு?" என்பது. பட்டின் குணத்தை அறிந்தவர்கள் ஒன்றை அறிவார்கள். பட்டு ஈரத்தை உறிஞ்சும் நூல். பட்டு வணிகத்திலேயே 11 விழுக்காடு ஈரத்தைச் சேர்த்துத்தான் எடைக் கணக்குப் போடுகிறார்கள். கச்சாப் பட்டைக் காய்ச்சிக் கோந்து நீக்கினால், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வரை எடை இறங்கிவிடும். ஐப்பசி மழையில் நிறுத்துக் கொடுத்த நூலைப் பங்குனி வெயிலில் நிறுத்து வாங்கினால் தராசு வேறு கதைதான் சொல்லும். காற்று குடித்த ஈரத்துக்குக் கூலிக்காரன் கள்ளனா?

பிரியதர்ஷன் இயக்கத்தில் 2008இல் வெளிவந்த 'காஞ்சிவரம்' படம் இந்த ஊர் நெசவாளியின் கதை. சிறந்த படம் என்ற தேசிய விருதை அது பெற்றது; நெசவாளியாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். மகளுக்குப் பட்டுச் சேலை கட்டி அனுப்புவதாக வாக்குக் கொடுத்த தகப்பன், முதலாளியின் பட்டு நூலை வாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்து சிறுகச் சிறுக நெய்கிறான். அவன் செய்தது களவுதான், இல்லையென்று சொல்லமாட்டோம். ஆனால் படம் பார்த்தவன் அதோடு நிற்பதில்லை. ஆயிரம் பெண்களுக்குப் பட்டு நெய்தவன் தன் பெண்ணுக்கு ஒன்று வாங்க முடியாத கூலியை நிர்ணயித்தது யார் என்று கேட்கிறான். தான் செய்த பொருளைத் தானே வாங்க முடியாதவனாகத் தொழிலாளி இருக்கும் வரையில், அந்தப் பொருளின் அருகில் அவன் நின்றாலே சந்தேகம் பிறக்கத்தான் செய்யும். குறைந்த கூலியின் நிழல்தான் அந்தச் சந்தேகம்.

விசாரணை இல்லாத சந்தேகம் என்ன செய்யும் என்பதைத் தமிழனுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமா? சிலப்பதிகாரம் சொல்லும் கதையே அதுதானே! அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். பழி விழுந்ததோ ஊருக்குப் புதியவனாக, கையில் ஒற்றைச் சிலம்போடு வந்து நின்ற கோவலன் மேல். மன்னன் விசாரிக்கவில்லை. கோவலன் தலை போன பிறகு, கண்ணகி தன் சிலம்பை உடைத்துக் காட்டி, உள்ளே இருப்பது மாணிக்கம் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. அந்தச் சோதனையை முன்னமே செய்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். ஓர் ஊர் எரியாமல் இருந்திருக்கும்.

காப்பியத்தோடு போகட்டும், சட்டமே சந்தேகப்பட்ட காலமும் இந்த நாட்டில் இருந்தது. 1871இல் வெள்ளையர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911இல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. இன்ன சாதியில் பிறந்தவன் என்பதே குற்றமாயிற்று. ஆண்கள் கைரேகை பதியவேண்டும். இரவானால் போலீஸ் காவலில் போய்ப் படுக்கவேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதிலும் 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் போயிற்று, பார்வை போயிற்றா? 2024 ஜூலையில் பெங்களூரில், வேட்டி கட்டி வந்த முதிய விவசாயி ஒருவரைப் பேரங்காடி வாசலில் தடுத்து நிறுத்தினார்கள். செய்தி சட்டமன்றம் வரை போயிற்று. அங்காடியை ஏழு நாள் மூட அரசு உத்தரவிட்டது. உழுது போட்டவன் உள்ளே வரக்கூடாதாம்!

வணிகர்களின் பொருளைக் காக்கச் சட்டத்தைக் கடுமையாக்கிப் பார்த்த நாடும் உண்டு. இங்கிலாந்தில் 1699இல் வந்த சட்டப்படி, கடையில் ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளைக் களவாடினால் மரண தண்டனை. ஜூரிகளின் மனம் அதற்கு ஒப்பவில்லை. ஏழையின் கழுத்தைக் காப்பாற்ற, பொருளின் மதிப்பை ஐந்து ஷில்லிங்குக்குக் கீழே இறக்கித் தீர்ப்புச் சொன்னார்கள். தூக்குக் கயிறு தொங்கிய அந்த நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்திலும் கடைத் திருட்டு நின்றபாடில்லை.

நம் நாட்டுச் சட்டம் இன்று என்ன சொல்கிறது? தொழிலாளத் தோழர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கடைக் காவலர் போலீஸ்காரர் அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, கண்ணெதிரே நடந்த கடும் குற்றத்துக்குத்தான் தனியார் ஒருவர் மற்றொருவரைப் பிடிக்கலாம். பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். "சந்தேகமாக இருந்தது" என்று சொல்லி அறைக்குள் பூட்டி வைக்க எந்தக் கடைக்கும் உரிமை கிடையாது. காரணமின்றி ஒருவரை அடைத்து வைத்தால், அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதே சட்டத்தின் 303ஆம் பிரிவையும் பாருங்கள். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடித் தண்டிக்கப்பட்டவன்கூட, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை செய்தால் போதும் என்கிறது. மெய்யான கள்ளனுக்கே சட்டம் காட்டும் இரக்கம் இவ்வளவு. கள்ளனல்லாதவனுக்குக் கடை வாசலில் கிடைப்பது நாலு பேர் எதிரில் அவமானமா?

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. நம் கோபம் வாசலில் நிற்கும் காவலர் மேல் பாய்ந்துவிடக் கூடாது. அவரும் கூலிக்கு நிற்பவர்தான். பொழுதெல்லாம் நின்று, சரக்குக் குறைந்தால் ஏச்சு வாங்குபவர். உள்ளே சேலை மடிக்கும் பெண்களின் நிலையும் அதுவே. வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவர்கள் கைப்பையும் சோற்று டப்பாவும் திறந்து பார்க்கப்படுகின்றன. கடை ஊழியர் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது என்றால், மற்ற மரியாதைகள் எந்த அழகில் இருக்கும்! நெய்தவனும் சந்தேகத்துக்குரியவன், விற்பவளும் சந்தேகத்துக்குரியவள், வாங்க வந்த ஏழையும் சந்தேகத்துக்குரியவன். போலி ஜரிகையை அசல் என்றும், விசைத்தறித் துணியைக் கைத்தறி என்றும் தலையில் கட்டுகிறவன் பையை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை!

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. பை வைக்கும் விதி இருந்தால் வாசலில் எழுதிப் போடுங்கள். காரில் வந்தவருக்கும் கால்நடையாக வந்தவருக்கும் அது ஒன்றாக இருக்கட்டும். வைத்த பைக்கு டோக்கன் கொடுங்கள், பொறுப்பும் ஏற்றுக்கொள்ளுங்கள். பையை வெளியே வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே துணிப்பைக்குத் தனியே காசு பறிப்பது நேர்மையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையமே 2020இல் சொல்லியிருக்கிறது. யாரையும் தொட்டுச் சோதிக்காதீர்கள். ஐயம் வலுத்தால் போலீசைக் கூப்பிடுங்கள். ஐயம் பொய்த்தால், பழி சொன்ன அதே இடத்தில், கேட்ட அத்தனை பேர் எதிரில் மன்னிப்புக் கேளுங்கள்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பழி விழுந்தால் பயந்து ஓடவேண்டாம்; ஓடினால் அதையே சாட்சியாக்குவார்கள். கைகலப்பிலும் இறங்கவேண்டாம். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "போலீசைக் கூப்பிடுங்கள், அவர்கள் முன்னால் காட்டுகிறேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்றவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், விலை 5 இலட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுத்தால் போதும். அடுத்தவர் மேல் பழி விழும்போது கண்டும் காணாமல் நகர்ந்து போகாதீர்கள். கோவலனைச் சுற்றி நின்றவர்களில் ஒருவன், "கொஞ்சம் பொறுங்கள், விசாரிப்போம்" என்று உரத்துச் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒருவனாக நாம் இருப்போம்.