ஆங்கிலக் கூட்டுவினைகளும் தமிழ் மாணாக்கரும்

ஆங்கில இலக்கணத்தை முறையாகக் கற்றுத் தேறிய தமிழ் மாணாக்கனும் அம்மொழியின் மிக எளிய சொற்களிடத்து இடறுதல் கண்கூடு. 'போஸ்ட்போன்' என்னும் இலத்தீன்வழிச் சொல்லை அவன் தயங்காது எழுதுவான். அதே கருத்தை ஆங்கிலேயர் 'புட் ஓஃப்' எனப் பேசக் கேட்பின் திகைப்பான். 'புட்' என்பது வைத்தல் என்றும், 'ஓஃப்' என்பது அகல என்றும் அவன் அறிவான். இரண்டுங் கூடியவிடத்து ஒத்திவைத்தல் என்னும் பொருள் பிறந்தவாற்றை அறியான்.

இவ்வாறு வினையும் துணைச்சொல்லும் இயைந்து ஒருபொருள் தருவனவற்றை ஈண்டுக் கூட்டுவினைகள் என்பாம். பிறமொழியாளருக்குப் பேரிடர் விளைப்பது இவ்வகைச் சேர்க்கையே என்று சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிற் குறித்தார். ஆகவே, இடர்ப்படும் மாணாக்கன் தன்னை மந்தமதியினன் என எண்ணி வருந்த வேண்டுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். கொழும்புத்துறைக் கரையினின்றும் தோணியொன்று நீரிற் புறப்படுதலைப் 'புட் அவுட்' எனலாம். இரவில் விளக்கை அணைத்தலும் 'புட் அவுட்' ஆகும். முன்னறிவித்தலின்றி வந்த விருந்தினர் வீட்டாரை இடர்ப்படுத்தினும் அச்சொல்லே வரும். மூன்றும் வேறுபோலத் தோன்றினும், இருந்த நிலையினின்றும் புறம்போக்குதல் என்னுங் கருத்து மூன்றினும் ஊடுருவி நிற்றல் காண்க. தோணி கரையினின்றும், சுடர் எரிதலினின்றும், வீட்டார் தம் அமைதியினின்றும் நீங்குகின்றனர்.

இம்முறை தமிழுக்குப் புதிதன்று. மேற்கொள், உட்கொள், எதிர்கொள் என்பவற்றில் 'கொள்' ஒன்றே. முன்னின்ற சொல்லாற் பொருள் வேறாயிற்று. 'மேற்கொள்' என்பதற்கு நேரான 'டேக் ஓன்' என்பதில் 'டேக்' கொள்ளுதலையும் 'ஓன்' மேல் என்பதையும் குறித்தல் வியப்பே. தமிழில் துணைச்சொல் முன்னும், ஆங்கிலத்திற் பின்னும் நிற்றலே வேற்றுமை. 'கிவ் அப்' என்பதைக் 'கைவிடு' என்கிறோம். கையையும் விடுதலையும் மாத்திரம் அறிந்த அந்நியன் இச்சொல்லிடத்து எய்தும் மயக்கமும் நம் மாணாக்கன் மயக்கமும் ஒன்றே. 'உண்டுவிடு' என்பதில் 'விடு' முற்றுப்பெறுதலை உணர்த்துமாறு போல, 'ஈட் அப்' என்பதில் 'அப்' உணர்த்தும். ஆண்டு மேல்நோக்குதல் என்னும் பொருள் இல்லை.

பொருளோடு சொற்கிடக்கையும் அறிதற்பாலது. அகராதியிற் சொல்லைத் தேடிப் பார்த்தலை 'லுக் அப்' என்பர். 'லுக் அப் த வேர்ட்', 'லுக் த வேர்ட் அப்' ஆகிய இரண்டும் வழுவற்றன. பெயருக்குப் பிரதியாக 'இட்' வருமாயின், 'லுக் இட் அப்' என இடையில் நிற்றலே முறை. 'லுக் அப் இட்' என்பது வழு. பராமரித்தலைக் குறிக்கும் 'லுக் ஆஃப்டர்' என்பதோ இடையீட்டை ஏலாது. 'லுக் ஆஃப்டர் இட்' என்றே வரும். இவ்விருவகையையும் பிரித்தறியச் செவி துணைபுரியும். பிரியும் வகையிற் பெரும்பாலும் துணைச்சொல் அழுத்தம் பெறும். 'லுக் ஆஃப்டர்' போல்வனவற்றில் வினையே அழுத்தம் பெறும்.

துணைச்சொல் முன்வந்து ஒட்டுங்கால் பொருள் முற்றிலும் வேறாதலும் உண்டு. 'செட் அப்' நிறுவுதல், 'அப்செட்' கவிழ்த்தல். 'லுக் ஓவர்' ஆராய்ந்து பார்த்தல். 'ஓவர்லுக்' கவனியாது விடுதல்.

இவை பரீட்சைப் புள்ளிகளோடு அமையும் விடயமல்ல. இலங்கையிற் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வெளியேறுதலைப் 'பாஸ் அவுட்' என்பது பெருவழக்கு. இங்கிலாந்திலோ, படைப்பயிற்சி முதலியவற்றை நிறைவேற்றுதலைச் சுட்டினும், நாளாந்தப் பேச்சில் அது மயங்கி விழுதலையே குறிக்கும். 'பாஸ் எவே' இறத்தலாம். 1983க்குப் பின் நம்மவர் பல்லாயிரவர் இலண்டன், தொறொன்ரோ முதலிய நகரங்களிற் குடியேறினர். அத்தகைய குடும்பமொன்றுக்கு வைத்தியசாலையிலிருந்து தொலைபேசிச் செய்தி வருங்கால், 'அவுட்' என்பதற்கும் 'எவே' என்பதற்கும் இடைப்பட்ட தூரம், மயக்கத்துக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட தூரமன்றோ?

ஆதலின், பட்டியலை மனனஞ் செய்தல் போதாது. வாக்கியத்தோடு கற்றல் வேண்டும். வினைவாரியாக அன்றித் துணைச்சொல்வாரியாகவும் குறிப்பேட்டில் வகுத்தல் நன்று; 'அப்' முற்றுப்பொருளில் வருவன ஒருபக்கமும், 'ஓஃப்' நீக்கப்பொருளில் வருவன மற்றொருபக்கமும் நிற்க. நாள்தோறும் இரண்டு கூட்டுவினைகளைத் தெரிந்து, தன் வீட்டிலும் வீதியிலும் நிகழ்வனவற்றை அவற்றாற் கூறிப் பழகும் மாணவன், ஓராண்டில் எழுநூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தனதாக்குவான். நேரொத்த தமிழ்வினையையும் அருகில் எழுதுவானாயின், அயன்மொழி விளங்குவதோடு தாய்மொழியின் நுட்பமும் அவனுக்குப் புலனாகும்.