விண்வெளிச் செய்தியா, சமையலறை அடுப்பா?

2015 மே மாத விடுமுறையில், என்னுடன் பி.எட். படித்த நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் என்னும் ஊரில் உள்ள பெரிய ரேடியோ தொலைநோக்கி பல ஆண்டுகளாகப் பிடித்துவந்த மர்மச் சமிக்ஞைகள் வானத்திலிருந்து வரவில்லையாம். அதே வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து வந்தனவாம். அடுத்த அரை மணி நேரம் குழுவில் ஒரே கலகலப்பு. “எங்க வீட்டு மிக்ஸி போட்டா டி.வி.யில புள்ளி புள்ளியா வருமே, எனக்கும் டாக்டர் பட்டம் கிடைக்குமா?” என்று கேட்டார் கணித ஆசிரியை ஒருவர். “சாம்பார் சூடாயிடுச்சுன்னு வேற்றுக்கிரகவாசி தகவல் சொல்றான்” என்று நானும் என் பங்குக்கு எழுதினேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்பில் அலைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது இதையே கதையாகச் சொன்னேன். “2007இல் விண்வெளியிலிருந்து விசித்திரமான ரேடியோ சமிக்ஞை வந்ததாகச் சொன்னார்கள், பிறகு பார்த்தால் அடுப்பு!” என்றேன். வகுப்பே சிரித்தது. இரண்டாம் வரிசை மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, “அப்போ 2007இல் சொன்னதும் அடுப்புதானா சார்? அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?” என்று கேட்டாள். “அதுவும் அப்படித்தாம்மா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன்.

அது தவறான பதில். அன்று மாலை தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் இரண்டு வேறு செய்திகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தேன் என்பது.

முதல் செய்தி இது. பார்க்ஸ் தொலைநோக்கி 64 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம். 1969இல் மனிதன் நிலவில் நடந்த காட்சியை உலகத்துக்குக் கொண்டுவந்த நிலையங்களில் ஒன்று. 2001இல் அது பதிவு செய்து வைத்திருந்த தரவுகளை, 2007இல் டங்கன் லோரிமர் என்ற வானியலாளரின் குழு மறுபடி அலசியது. அப்போது டேவிட் நார்கெவிக் என்ற இளநிலைப் பட்டப்படிப்பு மாணவரின் கண்ணில் ஒரு துடிப்பு பட்டது. 5 மில்லி விநாடிக்கும் குறைவாக நீடித்த, மிக வலுவான ரேடியோ துடிப்பு. இன்று அதிவேக ரேடியோ வெடிப்பு என்று சொல்கிறோமே, அந்த வகையில் முதலில் அறியப்பட்டது இதுதான்.

அது தொலைவிலிருந்து வந்தது என்று எப்படிச் சொன்னார்கள்? இதை மாணவர்களுக்கு விளையாட்டு மைதானத்திலேயே காட்டிவிடலாம். வேகமாக ஓடும் ஒருவரையும் சற்று மெதுவாக ஓடும் ஒருவரையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். 50 மீட்டரில் இருவருக்கும் இடைவெளி சிறிது. 200 மீட்டரில் பெரிது. வேகங்கள் தெரிந்திருந்தால், கோட்டைத் தொடும் நேர இடைவெளியைக் கொண்டே ஓடிய தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். விண்வெளியில் ஆங்காங்கே சிதறியிருக்கும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலைகளுக்கு இதைத்தான் செய்கின்றன. உயர் அதிர்வெண் அலை முதலில் வந்து சேரும், தாழ்ந்த அதிர்வெண் அலை பிந்தி வரும். 2001ஆம் ஆண்டுத் துடிப்பில் இந்த இடைவெளி மிகப் பெரியது. நம் பால்வெளியில் உள்ள எலக்ட்ரான்களை எல்லாம் கணக்கில் சேர்த்தாலும் அவ்வளவு தாமதம் வராது. ஆகவே நம் விண்மீன் திரளுக்கு வெளியே, வெகு தொலைவிலிருந்து வந்தது என்றார்கள்.

இரண்டாவது செய்தி 2011இல் தொடங்குகிறது. பார்க்ஸின் பழைய பதிவுகளில் ஏறத்தாழ அதே இடைவெளியோடு வேறு சில துடிப்புகளும் கிடைத்தன. ஆனால் ஒரு சிக்கல். அந்தத் தொலைநோக்கிக்கு ஒரே நேரத்தில் வானத்தின் 13 இடங்களைப் பார்க்கும் 13 ‘கண்கள்’ இருந்தன. தொலைதூர வான்பொருள் ஒன்றிரண்டு கண்களில்தான் தெரியும். இவை 13 கண்களிலும் ஒரே மாதிரித் தெரிந்தன. வகுப்பில் ஒரு மூலையில் இருப்பவர் மெல்லப் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். ஜன்னலுக்கு வெளியே லாரி ஹாரன் அடித்தால் எல்லோருக்கும் கேட்கும். அதுபோலத்தான் இதுவும். பக்கத்திலிருந்து வரும் ஏதோ பூமிச் சத்தம். அதுவும் வேலை நேரத்தில் மட்டும் வந்தது! இந்தப் போலித் துடிப்புகளுக்குப் பெரிட்டான் என்று பெயர் வைத்தார்கள். மான் உடலும் பறவைச் சிறகும் கொண்டு, நிழல் மட்டும் மனித நிழலாக விழும் கற்பனை விலங்கின் பெயர் அது. விஞ்ஞானிகளும் நம் வாட்ஸ்அப் குழுவைப் போலத்தான், கிண்டல் செய்யாமல் அவர்களாலும் இருக்க முடியவில்லை.

ஆனால் கிண்டலோடு அவர்கள் நிறுத்தவில்லை. போலிகளின் இடைவெளி 2001ஆம் ஆண்டுத் துடிப்பின் இடைவெளியை ஒத்திருந்ததால், ‘முதலில் கண்டதும் போலிதானோ?’ என்ற சந்தேகம் நான்கு ஆண்டுகள் அவர்களைத் துரத்தியது. என் மாணவி கேட்டதும் இதே கேள்விதான்.

பார்க்ஸ் வளாகத்தில் ரேடியோ இடையூறுகளைக் கண்காணிக்கும் புதிய கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். 2015 ஜனவரியில் ஒரே வாரத்தில் மூன்று பெரிட்டான்கள் வந்தன. மூன்றின்போதும் அந்தக் கருவியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அருகே ஒரு சமிக்ஞை. மைக்ரோவேவ் அடுப்பின் அதிர்வெண் அது. எமிலி பெட்ரோஃப் என்ற முனைவர் பட்ட மாணவியின் தலைமையில் ஒரு குழு அடுப்பில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துச் சோதித்தது. அடுப்பு தன் நேரம் முடிந்து தானாக நின்றபோது ஒன்றும் வரவில்லை. நான் இந்த இடத்தில் சோதனையைக் கைவிட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர்கள் யோசித்தார்கள். பசியோடு நிற்பவர் மணி அடிக்கும்வரை காத்திருப்பாரா? ஓடும்போதே கதவைத் திறந்தார்கள். பெரிட்டான் வந்தது. கதவைத் திறந்ததும் அடுப்பு அணைந்துவிடும். ஆனால் அணையும் அந்தக் கண நேரத்தில் உள்ளிருக்கும் மேக்னட்ரான் ஒரு சிறு துடிப்பை வெளியே விட்டுவிடுகிறது. தொலைநோக்கி அந்தத் திசைக்கு ஏற்றபடி திரும்பியிருந்தால் அது பதிவாகிவிடும்.

சரி, 2001ஆம் ஆண்டுத் துடிப்பு? அது ஒரு கண்ணில் மிக வலுவாகவும் அருகிலுள்ள ஓரிரு கண்களில் மங்கலாகவும்தான் தெரிந்தது. பெரிட்டான்கள் மதிய உணவு வேளையை ஒட்டிக் குவிந்தன. அதிவேக வெடிப்புகளோ எந்த நேரத்திலும் வந்தன. இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு. 2012இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியும் அப்படி ஒரு வெடிப்பைப் பதிவு செய்திருந்தது. அது வேறு நாடு, வேறு சமையலறை.

இரண்டு நாள் கழித்து அதே வகுப்பில், “நான் சொன்னது தப்பும்மா” என்றுதான் தொடங்கினேன். மைதானத்தில் ஓடவிட்டோம். பிறகு என் கைப்பேசியை அலுமினியத் தாளில் இடைவெளியில்லாமல் சுற்றி அழைத்துப் பார்த்தோம். மணி அடிக்கவில்லை. ஓரத்தைச் சற்றுத் திறந்துவைத்ததும் அடித்தது. அடுப்புக் கதவின் உலோக வலை என்ன வேலை செய்கிறது, கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்பது அதிலேயே புரிந்துவிட்டது. நீங்கள் செய்யும்போது தாளை இரண்டு மூன்று சுற்று சுற்றிக்கொள்ளுங்கள், ஒரு சுற்றில் சில கைப்பேசிகள் அடித்துவிடுகின்றன. ஓடும் அடுப்புக்குள் கைப்பேசியை வைத்துப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வராமல் முதலிலேயே எச்சரித்துவிடுவதும் நல்லது.

“அது ஏன் சார் ஒரே ஒரு தடவை வந்துச்சு?” என்று அவள் அடுத்ததாகக் கேட்டாள். தெரியாது என்றேன். மறு ஆண்டே, அரெசிபோ கண்ட வெடிப்பு வானத்தின் அதே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் வருவதாக அறிவித்தார்கள். 2017இல் அந்த இடம், ஏறத்தாழ 300 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு சிறு விண்மீன் திரள் என்று தெரிந்தது. இரண்டு செய்தித் துணுக்குகளையும் வெட்டி அவளிடம் கொடுத்தேன்.

2020 ஏப்ரல் 28 அன்று, நம் பால்வெளிக்குள்ளேயே இருக்கும் ஒரு மேக்னட்டாரிலிருந்து, அதாவது மிகக் கடுமையான காந்தப்புலம் கொண்ட ஒரு நியூட்ரான் விண்மீனிலிருந்து, அதே வகைத் துடிப்பு வந்தது. அந்தச் செய்தி எங்கள் குழுவுக்கு வந்தபோது எல்லோரும் ஊரடங்கில் வீட்டில் இருந்தோம். “இந்தத் தடவை எந்த வீட்டு அடுப்பு?” என்று முதல் ஆளாகக் கேட்டார் பழைய கணித ஆசிரியை. கனடாவில் ஒரு தொலைநோக்கியும் அமெரிக்காவில் தனியாக ஒரு கருவித் தொகுப்பும் அதே துடிப்பைப் பிடித்திருக்கின்றன என்று எழுதினேன். சற்று நேரம் பதிலில்லை. பிறகு, “அப்போ அடுப்பு இல்லை. மேல சொல்லுங்க” என்று வந்தது.