மூச்சுக்கும் செலவு உண்டு

காலை எட்டு மணிக்குச் சென்னையின் பாடி மேம்பாலத்தடியில் நின்று யாரும் மூச்சை ஆழமாக இழுக்க மாட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போகும் வண்டிகளின் புகை அப்படி. ஐந்தரை மணி என்றால் கதை வேறு. திருவலிதாயம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பவர்கள், ஓடுபவர்கள், ஓடி முடித்துத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாசியை அடைத்து மறு நாசியால் இழுத்துப் பிராணாயாமம் செய்பவர்கள் எல்லோரையும் பார்க்கலாம். எதற்கு என்று கேட்டால், “ரத்தத்துல ஆக்சிஜன் ஏறும் சார்” என்பார்கள்.

ஏறாது. ஏற இடமில்லை. கொரோனா காலத்தில் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்தவர்களுக்குத் தெரியும்: நல்ல உடம்புக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது 97, 98 காட்டும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றி என்ன பயன்?

பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லி காற்று உள்ளே போகிறது. அதில் 150 மில்லி மூச்சுக்குழாயோடு நின்றுவிடும். நுரையீரலின் காற்றறைகளைத் தொடுவதே இல்லை. நிமிடத்துக்கு 12 முறை இப்படி இழுத்தால் 6 லிட்டரில் 4.2 லிட்டர்தான் வேலைக்கு ஆகும். அதே 6 லிட்டரை ஆறே மூச்சில் நிதானமாக இழுத்துப் பாருங்கள், 5.1 லிட்டர் பயன்படும். காற்று ஒன்றுதான், வீணாவது குறைகிறது.

ஓட்டக்காரருக்கு இது சில்லறை விஷயமல்ல. மூச்சு விடுவதற்கும் தசைகள் வேண்டும், அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். முழு வேகத்தில் ஓடும் தேர்ந்த வீரரின் உடம்பில் மொத்த ஆக்சிஜனில் 10 முதல் 15 சதவீதம் அங்கேயே செலவாகிவிடும். அந்தத் தசைகள் களைத்தால் உடம்பு கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. கடைசிச் சுற்றில் கால் கனப்பதற்குக் காலை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது.

பிராணாயாமம் இந்தச் செலவைக் குறைக்குமா? ஹைதராபாத் ஆய்வாளர்கள் விளையாட்டு வீரர்களையே இரண்டு ஆண்டுகள் வைத்துப் பார்த்து, 1994இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் எழுதினார்கள். முதல் ஆண்டு முடிவில் பிராணாயாமம் செய்தவர்கள், செய்யாதவர்கள் இரு தரப்புமே முன்னேறியிருந்தார்கள். பயிற்சி செய்தால் யாரும் முன்னேறத்தானே செய்வார்கள்! இரண்டாம் ஆண்டில்தான் வழி பிரிந்தது. பிராணாயாமக்காரர்கள் அதிக வேலையை, அந்த வேலைக்குரிய ஆக்சிஜனைக் குறைவாகச் செலவழித்துச் செய்தார்கள். கடும் உழைப்பில் ரத்தத்தில் சேரும் லாக்டேட்டும் கூடவில்லை. பத்து நாளில் ஓட்டம் மாறும் என்று விளம்பரம் செய்பவர்கள் அந்த இரண்டு ஆண்டுக் கணக்கைப் படிக்க வேண்டும்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு 12 வாரம் யோகா கற்றுக்கொடுத்ததில் மூச்சடக்கும் நேரமும் கைப்பிடி வலுவும் கூடின. ஆனால் அதில் ஆசனங்களும் சேர்ந்திருந்தன. முழுப் புகழையும் மூச்சுக்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 16 மாத்திரை நேரம் இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொல்கிறது திருமந்திரம். அது யோகிகளின் கணக்கு. ஓடப் பழகுகிறவர் அடக்குவதை விட்டுவிட்டு, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினாலே இதயத் துடிப்பு நிதானப்படும். நீச்சல்காரர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குளத்தில் மூழ்குமுன் கபாலபாதி போல வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் அந்த வாயுதான். முட்டவில்லையே என்று நீருக்கடியில் நீந்திக்கொண்டிருப்பார்கள், ஆக்சிஜன் தீர்ந்து அங்கேயே மயங்குவார்கள்.