பழம்புடவைக்கு ஒரு பருவம்

மழை ஓய்ந்து குளிர் வருமுன் கிடைக்கும் ஆறேழு வாரங்களில் தில்லியின் மொட்டைமாடிகளில் ஊசிக்கும் வேலை, களைக்கொத்துக்கும் வேலை.

செப்டம்பர் கடைசியில் ஒரு விடியற்காலை ஜன்னல் வழியே பவழமல்லி வாசம் வந்தால் தில்லிவாசிகளுக்குச் செய்தி புரிந்துவிடும். மழை போய்விட்டது. வெயில் இருக்கும், ஆனால் சுடாது. தீபாவளியை ஒட்டிப் புகைமூட்டம் வந்துவிடும். அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

தெற்கு தில்லியில் உள்ள சித்தரஞ்சன் பார்க்கில் இந்த அவசரத்தைக் கண்ணாரக் காணலாம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்த வங்காளிகளுக்காக 1960களில் உருவான குடியிருப்பு. கீழே துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நடும்போது, மேலே மொட்டைமாடியில் ஒரு பக்கம் சாமந்தித் தொட்டிகள். மறுபக்கம் பாயில் விரித்த பழைய புடவைகள். எங்கள் மாடி வீட்டு மாசிமாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு வேலையிலும் கை தேர்ந்தவர். என்னை மருமகள் முறையில் ‘பௌமா’ என்றுதான் கூப்பிடுவார்.

காந்தா என்றதும் கண்காட்சிகளில் விற்கும் பூவேலைப் பட்டுப் புடவையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது கடைச் சரக்கு. வீட்டுக் காந்தா என்பது போர்வை. துவைத்துத் துவைத்து மெலிந்த நான்கைந்து பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீவி, ஓரங்களில் கனமாக எதையாவது வைத்து, முதலில் பெரிய தையலாக நூலோட்டிக்கொள்கிறார்கள். பிறகு நடுவில் ஒரு தாமரை. அங்கிருந்து வெளிப்புறமாகத் தைத்துக்கொண்டே போக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதலில் பழகும் சாதாரண ஓட்டுத் தையல்தான். நூலைச் சற்றே இழுத்துத் தைப்பதால் துணி சிற்றலைபோல் சுருங்குகிறது. அடுக்குகளுக்கு இடையே காற்று தங்கி, போர்வை கதகதப்பாகிவிடுகிறது. முன்பெல்லாம் நூலையும் புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். ஊசியைத் தவிர வேறு செலவில்லை.

இந்த ஏழைப் போர்வைக்குள் பெண்கள் என்னென்னவோ எழுதிவைத்திருக்கிறார்கள். ஐ.சி.எஸ். அதிகாரியான குருசதய் தத் (1882-1941) வங்காளக் கிராமங்களில் தேடிச் சேர்த்த காந்தாக்கள் கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்றது, மானதாசுந்தரி தாசி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. பீகாரின் முசாபர்பூர் பக்கம் இதற்குச் ‘சுஜனி’ என்று பெயர். பிறந்த குழந்தையை முதலில் பழந்துணியில்தான் கிடத்துவார்கள். நமக்கு இது புதிதல்ல. அம்மாவின் பழைய நூல்புடவையில் கட்டிய தூளியில் தூங்காத தமிழர் யார்?

அந்த நூல்புடவைக்குத்தான் இப்போது பஞ்சம். மாசிமாவின் மருமகள்கள் கட்டுவது பாலியெஸ்டர், ஜார்ஜெட். பத்து வருஷம் துவைத்தாலும் பருத்திபோல் மெத்தென்று ஆகாது. அடுக்கினால் வழுக்கும், வேர்வையை உறிஞ்சாது. தைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று எல்லோரும் எழுதுகிறோம். தைக்கத் துணி இல்லாமல் போவதை யாரும் எழுதுவதில்லை.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் அம்மா காலமான பிறகு மதுரையிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகள் வந்தன. எல்லாம் சுங்குடி. ஒரு பெட்டிப் புடவைகளை நானே வாசலுக்கு வந்த பாத்திரக்காரியிடம் போட்டுவிட்டேன். கிடைத்தது ஒரு எவர்சில்வர் டப்பா, இரண்டு கிண்ணம். பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வாக்ரி சமூகப் பெண்கள் மேற்கு தில்லியின் ரகுபீர் நகர்ச் சந்தையில் விடிவதற்கு முன்பே துணியை விற்றுவிடுவார்கள். திரும்பப் போய்த் தேடுவதில் அர்த்தமில்லை. மிஞ்சிய பெட்டியைத் திறக்கவே மனம் வராமல் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. “பயப்படாதே பௌமா, கிழிக்கவா போகிறோம்? மடித்துத் தைக்கத்தானே போகிறோம்” என்றார் மாசிமா.

தைப்பது காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. அதற்கு முன் தோட்டம். வங்காளிகள் சாமந்தியைச் ‘சந்திரமல்லிகா’ என்கிறார்கள். ஜூன், ஜூலையில் நட்டு வேர்பிடித்த துண்டுகளை, கிளை வெடிக்க நுனி கிள்ளிக் கிள்ளி வளர்த்து, மழை நின்றதும் பெரிய தொட்டிக்கு மாற்றுகிறார்கள். ஊறவைத்த கடுகுப் பிண்ணாக்குத் தண்ணீர்தான் உரம் (நாற்றம் மூன்று மாடிக்கு வரும்). இரவு நீள நீளத்தான் சாமந்தி மொட்டு வைக்கும். தெருவிளக்கு விழும் மூலையில் வைத்தால் செடி ஏமாந்துபோய் இலையாகவே தள்ளும். சென்ற வருஷம் என் தொட்டிகள் நான்கும் அப்படித்தான் வீணாயின. அக்டோபரில் கிளைக்கு ஒரு மொட்டை விட்டு மற்றதைக் கிள்ளினால் தட்டு அளவில் பூ வரும். எனக்குக் கிள்ள மனம் வருவதில்லை.

பாலக், வெந்தயம், முள்ளங்கி விதைக்கவும் இதுவே காலம். அவசரப்பட்டுச் செப்டம்பர் நடுவில் விதைத்தால் கடைசி மழையில் நாற்று அடியழுகிச் சாய்ந்துவிடும். ஸ்வீட் பீ விதையை இரவில் ஊறவைத்து அக்டோபர் முதல் பாதியில் ஊன்றலாம்.

வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ரஜாய்ப் பஞ்சு அடித்துக் கொடுக்க வருபவரின் ‘டொய்ங்’ ஓசை எங்கள் தெருவில் அபூர்வமாகிவிட்டது. பஞ்சு அடிக்க இப்போது கடைகளில் மெஷின் இருக்கிறது.

அம்மாவின் பெட்டியில் பதினொரு புடவை. நான்கைப் பிரித்தோம். அரக்கில் வெள்ளைப் புள்ளி போட்டது மேலே, சாயம் போன பச்சையும் மஞ்சளும் உள்ளே, நீலம் அடியில். பதினைந்து நாளில் நடுத் தாமரையும் அதைச் சுற்றி ஒரு முழமும் முடிந்திருக்கிறது. என் தையல் கோணல், மாசிமாவுடையது நேர். எங்கே அவர் விட்டு நான் தொடங்கினேன் என்பது தூரத்திலிருந்தே தெரிகிறது. பிரித்துத் தைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாமந்தி மொட்டுக் கிள்ள எழுந்து போய்விட்டார்.